அப்பாவின் துப்பாக்கிக்கு எந்தக் கட்டை?

வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் கட்டை செதுக்கிப் பொருத்துவது முப்பது வருடத்துக்கு மேலாக என் தொழில். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மரமா, சிந்தெடிக் என்னும் செயற்கைப் பொருளா என்பதைச் சுற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கட்டை என்று நான் சொல்வது ஸ்டாக்கை. தோளில் பதியும் பின்பகுதி, கை பிடிக்கும் கழுத்து, குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற வின்செஸ்டர் மாடல் 70 என்னிடம் இருக்கிறது. 1950களில் செய்தது, .30-06 தோட்டா. வெயில் காலத்தில் வைத்த இடத்தில் அடிக்கிறது. மழை தொடங்கிவிட்டால் அதே 100 மீட்டரில் நான்கு விரற்கடை மேலே, வலது பக்கம் போய்விடுகிறது. மரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு சிந்தெடிக் மாட்டு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

மனசு வராதது நல்லதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

மழைக்கு இரும்பு அசையாது, மரம் அசையும். காற்றில் ஈரம் கூடினால் மரம் அதை உறிஞ்சி உப்பும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இந்த உப்பல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. நீளவாக்கில் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம், வளையத்தைக் குறுக்கே கடக்கும் திசையில் குறைவு. துப்பாக்கிக் கட்டைக்குப் பயன்படும் கருப்பு வால்நட் மரத்தை எடுத்துக்கொண்டால், பச்சை மரம் முழுக்கக் காய்வதற்குள் முதல் திசையில் 7.8 சதவீதம் சுருங்கும், இரண்டாவதில் 5.5 சதவீதம்தான். காய்ந்த கட்டையில் பருவத்துக்குப் பருவம் நடப்பது இதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் இந்த ஏற்றத்தாழ்வால் கட்டை லேசாகத் திருகுகிறது. முன்கட்டை ஒரு பக்கம் சாய்ந்து குழலை நெருக்குகிறது. குண்டு புறப்படும்போது குழல் அதிர்கிறது அல்லவா, அந்த அதிர்வின் போக்கு மாற இவ்வளவு போதும்.

உங்கள் துப்பாக்கியில் இன்னொரு விஷயமும் உண்டு. 1964க்கு முந்தைய மாடல் 70இல், சாதாரண எடை வகையாக இருந்தால், முன்கட்டையின் அடியிலிருந்து ஒரு திருகு ஏறி நேரே குழலைப் பிடித்திருக்கும். கட்டை நகர்ந்தால் அந்தத் திருகு குழலையும் சேர்த்து இழுக்கும். இப்படித் தடம் மாறிய மாடல் 70 யாராவது கொண்டுவந்தால் முதலில் அந்தத் திருகைத்தான் பார்ப்பேன்.

சரி, இப்போது நீங்களே ஒரு சோதனை செய்யலாம். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். கெட்டியான காகிதத்தை ஒரு பட்டையாக வெட்டி, முன்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். வெயில் காலத்தில் ஒரு முறை, மழைக் காலத்தில் ஒரு முறை. எங்கே சிக்குகிறது என்பதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டு குறிகளும் வேறு வேறு இடத்தில் இருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் இரும்பைக் கழற்றிவிட்டுக் கட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளியே கண்ணாடி மாதிரி மெருகு இருக்கும், உள்ளே பள்ளம் வெட்டிய இடமெல்லாம் பூச்சே இல்லாமல் வெறும் மரமாகக் கிடக்கும். பழைய துப்பாக்கிகளில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான். தோளில் பதியும் தகட்டைக் கழற்றினால் அங்கேயும் மரத்தின் வெட்டுமுனை திறந்தே இருக்கும். மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் அந்த முனை வழியாகத்தான், குழாய் குழாயாக. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் கட்டையைக் கோடையில் தராசில் வைத்து எடை குறித்திருந்தேன். அதே கட்டை மழை நடுவில் திரும்பி வந்தபோது இருபது கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. மெருகில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தனையும் உள்வழியாக ஏறியது.

ஆகவே செய்ய வேண்டியது இது. வறண்ட பருவம் வரும்வரை காத்திருங்கள். ஈரக் கட்டையை மூடினால் ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடுவீர்கள். கட்டை நன்றாகக் காய்ந்த பிறகு உள்பள்ளம், திருகுத் துளைகள், விசைக்காக வெட்டிய இடம், தகட்டுக்கு அடியிலுள்ள வெட்டுமுனை எல்லாவற்றிலும் நீர்க்கத் தயாரித்த எபாக்ஸியையோ (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) நல்ல வார்னிஷையோ மெல்லிய பூச்சாகப் பல தடவை கொடுங்கள். வெறும் எண்ணெய் ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எபாக்ஸிகூட முழுக்க நிறுத்தாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

இதற்குப் பிறகும் தடம் மாறினால்தான் பெட்டிங், அதாவது இரும்பு உட்காரும் இடத்தை அதன் அச்சிலேயே வார்ப்பது. குழலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புப் பகுதியை ஆக்‌ஷன் என்போம். ஆக்‌ஷனின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புப் பல் ஒன்று உண்டு. சுடும்போது உதை முழுவதையும் கட்டைக்குக் கடத்துவது அதுதான். அந்தப் பல் உட்காரும் இடத்தில் கொஞ்சம் மரத்தைச் சுரண்டிவிட்டு எபாக்ஸிக் கலவையை நிரப்பி, இரும்பை அதில் அமுக்கி, அதன் அச்சு அப்படியே பதியும்படி இறுக விடுவார்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் இரும்பு அதே இடத்தில் உட்காரும். இரும்புக்கு மெழுகு பூசாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பூசாமல் விட்டு, கட்டையும் இரும்பும் ஒன்றாக ஒட்டிப்போன துப்பாக்கியோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். அதைப் பிரிப்பது மிகவும் வேதனையான வேலை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். 1964இல் வின்செஸ்டர் நிறுவனம் மாடல் 70ஐ மாற்றியது. தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடித்து வந்த நீண்ட கொக்கி போனது. கை வழுக்காமல் பிடிக்கக் கட்டையில் கையால் வெட்டிய கட்டங்களுக்குப் பதில் அச்சால் அழுத்திய கட்டங்கள் வந்தன. அதனால்தான் அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது எதுவும் மாற்றப்படாத கட்டையை. பள்ளத்தைச் சுரண்டி எபாக்ஸி ஊற்றினால் அந்த மதிப்பு குறையும். உங்களுடையது தொடப்படாத நிலையில் இருந்தால் பூச்சோடு நிறுத்துங்கள். வேண்டுமானால் மழைக்காலத்துக்கென்று தனியாக ஒரு நல்ல ஃபைபர்கிளாஸ் கட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில திருகுகளைக் கழற்றி மாட்டும் வேலைதான். மாற்றும் ஒவ்வொரு முறையும் இலக்கில் சுட்டு ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, சரிபார்க்க வேண்டும். திரும்ப மாட்டும்போது முன் திருகையும் பின் திருகையும் இறுக்குங்கள். நடுவிலுள்ளதை உட்காரும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அதை இறுக்கினால் ஆக்‌ஷனே வளையும்.

கேள்வி: சிந்தெடிக் என்றால் எடை குறைவு என்று நம்பி மாற்றினேன். தூக்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

சிந்தெடிக் என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள், குழப்பம் அங்கேதான். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்திச் செய்வது ஒன்று. இது மலிவு, எடை பெரும்பாலும் வால்நட் கட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கும். கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ அடுக்கடுக்காகக் கையால் விரித்துப் பிசின் ஊட்டிச் செய்வது இன்னொன்று. இதில்தான் அரைக் கிலோ அளவிலேயே கட்டை கிடைக்கும். நீங்கள் வாங்கியது முதல் வகை என்று உங்கள் வர்ணனையிலிருந்து தெரிகிறது.

எடை குறைவது முழுக்க லாபம் என்றும் எண்ணாதீர்கள். தோட்டா அதேதான் என்றால், துப்பாக்கி இலகுவாக ஆக உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். 3.6 கிலோ துப்பாக்கியை 3.2 கிலோவாக்கினால் தோள் வாங்குவது எட்டில் ஒரு பங்கு கூடும். மலை ஏறி இறங்குகிறவருக்கு அது நியாயமான விலை. மேடையில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு என்ன பயன்?

கேள்வி: பைபாட் என்ற இரட்டைக்கால் தாங்கியில் வைத்துச் சுட்டால் ஒரு இடம், மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் வேறு இடம். என் துப்பாக்கியில் இருப்பது பிளாஸ்டிக் கட்டை. மரம்தானே ஈரத்தில் நகரும்?

ஈரத்துக்கு உங்கள் கட்டை நகராது. ஆனால் உங்கள் பாரத்துக்கு நகர்கிறது. அச்சில் வார்த்த கட்டைகளின் முன்பகுதி உள்ளே கூடாக, மெல்லிய விலா எலும்புகள் மாதிரி தடுப்புகளோடு இருக்கும். கட்டை நுனியையும் குழலையும் ஒரே கையால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். இரண்டும் முட்டினால் பைபாடின் மேல் நீங்கள் சாயும்போதும் அதேதான் நடக்கிறது. தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுடுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

அந்தக் கூட்டுக்குள் கார்பன் குழாய்த் துண்டுகளை நீளவாக்கில் வைத்து எபாக்ஸி நிரப்பினால் முன்கட்டை விறைத்துக்கொள்ளும். ஆனால் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி லேசில் ஒட்டாது. உள்பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் நன்றாகக் கீறி, தடுப்புகளில் சிறு துளைகள் போட்டுவிட்டால் பசை அந்தத் துளைகளுக்குள் புகுந்து ஆணி மாதிரி பிடித்துக்கொள்ளும். இறுகிய பிறகு குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதப் பட்டை தடையில்லாமல் ஓட வேண்டும்.

கேள்வி: படைகளே மரத்தைக் கைவிட்டுவிட்டன. இன்னும் மரத்தைப் புகழ்வது பழம்பெருமை இல்லையா?

படைகள் கைவிட்டதற்கு அவர்களுக்கான காரணம் இருந்தது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1966இல் ரெமிங்டன் 700ஐ அடிப்படையாகக் கொண்ட எம்40 என்ற துப்பாக்கியைக் குறிசுடுவோருக்கு எடுத்துக்கொண்டது. கட்டை வால்நட். வியட்நாமின் ஈரத்தில் அந்தக் கட்டைகள் உப்பித் திருகி, குறி நிற்கவில்லை. 1970களில் வந்த எம்40ஏ1இல் மக்மில்லன் ஃபைபர்கிளாஸ் கட்டை ஏறியது. மாதக்கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும் துப்பாக்கிக்கு அது சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வேட்டைக்கு மாலையில் வீடு திரும்பும் துப்பாக்கியை எடுத்துப் போகிறோம். துடைத்து உலர்த்தி வைக்க நேரம் இருக்கிறது.

இதற்கு வெகு முன்பே, 1959இல், ரெமிங்டன் நைலான் 66 என்ற .22 துப்பாக்கியை இறக்கியது. டூபான்ட் நிறுவனத்தின் ஸைட்டெல் நைலானில் செய்த கட்டை. பொம்மை என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எண்ணெய் போடாமல், கவனிக்காமல், படகின் அடியிலும் வண்டியின் பின்னாலும் கிடந்த நைலான் 66கள் என் கைக்கு வந்திருக்கின்றன. கட்டையில் ஒரு விரிசல் பார்த்ததில்லை. அந்த வேலையை மரம் செய்யாது. இதைச் சொல்வதில் மரவேலைக்காரனான எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: ஒட்டுக் கட்டை, அதாவது லேமினேட், எப்படி?

மெல்லிய மரத்தகடுகளைப் பிசின் ஊட்டி ஒட்டிச் செய்வது. மரத்தின் பிடிப்பும் இருக்கும், திருகலும் வெகுவாகக் குறையும். ஜெர்மானியப் படையின் மவுசர் 98கே துப்பாக்கிகளிலேயே இது இருந்தது. குறை எடைதான். பிசின் எடை ஏறிவிடும். மேடையிலிருந்து சுடுகிறவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: அப்பாவின் பழைய மவுசர் 98 வேட்டைத் துப்பாக்கியை எனக்குக் கொடுத்திருக்கிறார். அவர் ஆறடிக்கு மேல், நான் ஐந்தடிதான். தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்ட கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறது. பின்கட்டையில் இரண்டு அங்குலம் வெட்டிவிடலாம் என்கிறார் ஒரு தச்சர். வெட்டலாமா?

வெட்டாதீர்கள், தயவுசெய்து. வெட்டியதைத் திரும்ப ஒட்டினால் கோடு தெரியும், ரேகை சேராது. நாளைக்கு உங்கள் வீட்டில் உயரமான ஒருவர் அதைத் தோளில் வைக்கலாம். மவுசர் கட்டையில் பல சமயம் ஆக்‌ஷனில் உள்ள எண்ணே உள்ளேயும் அடிக்கப்பட்டிருக்கும், அந்த ஜோடி கலையக் கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது சிந்தெடிக். விசையிலிருந்து பின்முனை வரை உள்ள நீளம் சாதாரணக் கட்டைகளில் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். உங்களுக்கு 31, 32 போதும் என்று நினைக்கிறேன். பின்முனையில் தட்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றும்படி செய்யப்பட்ட கட்டைகள் மவுசர் 98க்கும் கிடைக்கின்றன. கன்னம் பதியும் மேட்டை ஏற்றி இறக்கும் வகையும் உண்டு. அதையும் பாருங்கள், ஏனென்றால் பழைய மவுசர் கட்டைகள் குழல் மேலுள்ள வெறும் இரும்புக் குறியைப் பார்ப்பதற்காகப் பின்னால் தாழ்ந்து இருக்கும். ஸ்கோப் மாட்டினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். உதையும் முகத்தை நோக்கி எழும்பும். நீளமும் உயரமும் உடம்புக்குப் பொருந்தாத கட்டை, அது எவ்வளவு அழகான வால்நட்டாக இருந்தாலும், உங்களைக் கண்ணை மூடிச் சுட வைத்துவிடும். அப்பாவின் கட்டையை அதன் திருகுகளோடு ஒரு துணியில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள்.

கேள்வி: புதிதாக வால்நட் கட்டை செய்யப் போகிறேன். பலகையில் எதைப் பார்த்து எடுப்பது?

எல்லோரும் பின்பக்கத்துக் கோலத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். நீங்கள் கழுத்தைப் பாருங்கள். உதை வரும்போது முறிவது அங்கேதான். பக்கவாட்டில் பார்த்தால் ரேகை கழுத்தின் வளைவோடு கூடவே இறங்கி வர வேண்டும். கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியே ஓடினால், கிளை மாதிரி அந்த ரேகை வழியாகவே பிளக்கும். முன்கட்டையில் ரேகை நேராக ஓடட்டும். சுழியும் புலிவரியும் பின்பகுதியோடு நின்றால் அழகுக்கு அழகு, பலத்துக்குப் பலம்.

ஐரோப்பிய வால்நட், அதாவது நாம் அக்ரூட் என்று சாப்பிடுவதைக் காய்க்கும் மரம், ரேகை நெருக்கமாக இருப்பதால் நுண்ணிய கட்டங்கள் வெட்டினாலும் முனை உதிராது. கருப்பு வால்நட்டின் துளைகள் கொஞ்சம் பெரியவை. மெருகுக்கு முன் அவற்றை நிரப்பும் வேலை கூடும். இரண்டுமே நல்ல மரங்கள். வைரம் பாய்ந்த நடுமரமாக எடுங்கள், ஓரத்து வெள்ளை வேண்டாம். காய்ந்ததா என்று தெரிய மாதம் ஒரு முறை எடை போடுங்கள். மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால் உளியை எடுக்கலாம். என் ஆசான் பலகையைத் தட்டி, ஒலி கேட்டு, சிலவற்றை ஒதுக்கிவைப்பார். வெளியே தெரியாத விரிசலை அந்த மந்த ஒலி காட்டிக்கொடுக்கும். நானும் இன்றுவரை தட்டாமல் வாங்குவதில்லை.

கேள்வி: எண்ணெய் மெருகு போட்ட கட்டையைப் பராமரிப்பது எப்படி? அப்பாவின் கட்டையில் கழுத்துக்கு மேலே கறுத்துப் போயிருக்கிறது. அங்கங்கே குழிகளும் உண்டு. உப்புத்தாள் போட்டுப் புதிதாக்கிவிடலாமா?

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, துப்பாக்கி எண்ணெய். துடைத்து எண்ணெய் போட்ட துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்க நிறுத்திவைத்தால், எண்ணெய் வருடக்கணக்கில் ஆக்‌ஷன் வழியாக வழிந்து கழுத்தில் ஊறும். ஊறிய மரம் மெத்தென்று ஆகி உதையைத் தாங்காமல் பிளக்கத் தொடங்கும். சுண்ணாம்புக்கல் மாவைக் கரைப்பானில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டிவிட்டு, மறுபடி அப்புங்கள். மாவு மஞ்சளாவது நிற்கும்வரை. இனிமேல் எண்ணெய் போட்ட நாளில் குழலைக் கீழே பார்க்க வைத்துவிடுங்கள்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, துடைத்த துணி. அதைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். இது மிரட்டல் இல்லை, நிஜமாக நடப்பது. விரித்துத் திறந்த வெளியில் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். கொசு விரட்டி பூசிய கையோடும் கட்டையைப் பிடிக்காதீர்கள். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் வார்னிஷை இளக்கிவிடும்.

குழிகளில் பெரும்பாலானவை அமுங்கிய நார்கள்தான், மரம் எங்கும் போய்விடவில்லை. ஈரத் துணியை நான்காக மடித்துக் குழியின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில விநாடி தொட்டு எடுங்கள். நீராவி ஏறி நார் எழும்பும். இரண்டு மூன்று தடவையில் மட்டத்துக்கு வரும். ஆனால் நார் அறுந்த வெட்டு எழும்பாது, அதை அப்படியே விடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டையைச் செய்தவர் மரத்தை இரும்பின் விளிம்புக்கு ஒரு மயிரிழை உயரமாக விட்டிருப்பார். நீங்கள் இரண்டு முறை தேய்த்தால் மரம் இரும்புக்குக் கீழே போய்விடும். கட்டங்களின் முனை மழுங்கும், பின்முனைத் தகடு சுற்றிலும் நகம் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் வழி கிடையாது.